மானிட்டர் இருண்ட அன்று

கப்பலில் இருக்கும் பிள்ளை முகம் பார்த்த பிறகே எங்கள் தெருவில் சவப்பெட்டியை மூடுவார்கள். இப்போது அது நேரலையில் நடக்கிறது. தூத்துக்குடியில் அந்த நேரலை வேலை செய்பவள் நான். அப்பா இறந்த அன்று தம்பி நடுக்கடலில் இருந்தான்.

என் கணினியில் இருப்பது லினக்ஸ். நேரலை மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்பதால், உள்ளேயே விண்டோஸை ஒரு விர்ச்சுவல் மெஷினாக, கணினிக்குள் இன்னொரு கணினி மாதிரி, வைத்திருந்தேன். படம் திக்கித் திக்கி வந்தது. மானிட்டருக்குப் படம் அனுப்ப இருந்த ஒரே கிராபிக்ஸ் கார்டை அன்று முழுதாக அந்த விர்ச்சுவல் மெஷினுக்கே கொடுத்துவிட்டேன். மானிட்டர் இருண்டுபோனது.

எனக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. இருண்ட மானிட்டரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

“ஏளா, கரண்டு வயரப் பிடுங்கி மறுபடி போடு. செபம் சொல்ல சாமியார் வந்துட்டாரு” என்றார் சித்தப்பா. கை நகரவில்லை.

அப்போது தம்பி போனில் அழைத்தான். “அக்கா, படம் நல்லா தெரியுது, எதையும் தொட்டுராத. ஓரத்துல நீயும் தெரியுற. நீ ஏன் அப்பாவப் பாக்காம மானிட்டரயே பாத்துட்டு இருக்க?”

சித்தப்பாவுக்கும் அது கேட்டது. “அவன் பாத்துட்டான், மூடுங்க” என்றார். நான் எழுந்து வருவதற்குள் மூடிவிட்டார்கள்.

விர்ச்சுவல் மெஷின் தானாகவே நேரலையைத் தொடங்கியிருந்தது. என் மானிட்டருக்கு வரவேண்டிய படம் மட்டும் கார்டில் கேபிள் செருகாத வேறொரு துளைக்குப் போயிருக்கிறது. வயரைப் பிடுங்கியிருந்தால் தம்பியும் பார்த்திருக்க மாட்டான்.

இப்போது மானிட்டருக்கென்று தனியாக ஒரு சின்ன கார்டு போட்டிருக்கிறேன். நேரலை ஓடத் தொடங்கியதும், யார் வீடானாலும், எழுந்துபோய் ஒருமுறை முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன்.