வயசான நாய்களும் ஒரு கம்பவுண்டரின் வெட்கமும்

கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டருக்கு ஒரு சௌகரியம் உண்டு: நோயாளி வாய் திறந்து புகார் சொல்லாது. அந்தச் சௌகரியத்தில்தான் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் புதுச்சேரியில் சம்பளம் வாங்கினேன். டாக்டருக்கு மாடுகளைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. நாய்கள், அதிலும் கிழட்டு நாய்கள், என் தலையில் விழுந்தன. வயசான நாயைத் தூக்கி இறக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி. முழுக்கப் படித்த பிறகும் என்னைக் கட்சியில் வைத்துக்கொள்வீர்களா என்பதுதான் சந்தேகம்.

எடை

கோவிந்தன் பஞ்சாலைத் தொழிலாளி. அவருடைய நாய் மணிக்குப் பத்து வயது. சைக்கிள் கேரியரில் மரப்பெட்டி கட்டி, அதில் உட்கார வைத்துக் கூட்டி வருவார். வயசான நாய்க்கு உடம்பு போட்டால் மூட்டு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் எல்லா நாய்க்கும் எடை பார்ப்பேன். நாய் எடை மேடையில் தனியாக நிற்காது. வளர்க்கிறவரே தூக்கிக்கொண்டு ஏறுவார், அவர் எடையை நான் கழித்துக்கொள்வேன்.

கோவிந்தனைத் திரும்ப ஏற்றி இறக்கச் சோம்பல்பட்டு, "உங்க வெயிட்டு என்ன?" என்று வாயால் கேட்டேன். அவர் சொன்னதைக் கழித்தேன். மணிக்கு எக்கச்சக்கமாக வந்தது. சோற்றைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். ஒரு மாதத்தில் மணியின் விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. அப்போதுதான் கோவிந்தனைத் தனியாக ஏற்றிப் பார்த்தேன். அவர் சொன்னதற்கும் முள் காட்டியதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் கோபப்படாமல் சொன்னார்: "அது நான் மில்லுல சேந்தப்போ பாத்த வெயிட்டு சார். எப்போ பாத்ததுன்னு நீங்க கேக்கலியே."

காது

தெருவே 'மதாம்' என்று கூப்பிட்ட ஒரு அம்மாள் இருந்தார், அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் போன பிறகு வீட்டில் மதாமும் பிஜு என்ற நாயும்தான். பிஜுவைச் சோதிக்க "வா" என்றேன், "உக்காரு" என்றேன், "எழுந்திரு" என்று கத்தியும் பார்த்தேன். அது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வயசில் காது போய்விட்டது என்று பதிவேட்டில் எழுதி, சொட்டு மருந்து கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து மதாம் வந்தார். வாசற்படியில் நின்றபடி, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் பிரெஞ்சில் ஒரு வார்த்தை சொன்னார். பிஜு சட்டென்று உட்கார்ந்தது. "காதெல்லாம் நல்லாத்தான் இருக்குது தம்பி. அதுகிட்ட யாரும் தமிழ்ல பேசினதில்ல."

பின்னங்கால்

இரண்டு வருஷத்தில் பிஜுவுக்குப் பின்னங்கால் பலம் போயிற்று. வீட்டில் எழுந்தால் கால்கள் ஆளுக்கொரு பக்கம் விலகுகின்றன, தவழ்ந்துதான் போகிறது என்றார் மதாம். நான் இடுப்பை ஒரு அமுக்கு அமுக்கி, "வயசு" என்றேன். வலி மாத்திரையும் வைட்டமின் ஊசியும் கொடுத்தேன். வாரா வாரம் ரிக்‌ஷாவில் மெத்தையோடு கொண்டுவந்தார். ஆறு வாரத்தில் எனக்கு அலுத்துவிட்டது. "இனிமே அதக் கஷ்டப்படுத்தாதீங்க மதாம், ஊசி போட்டுத் தூங்க வச்சிடலாம்" என்றேன். மூன்று நாள் யோசித்துவிட்டு, சரி என்று பிஜுவோடு வந்தார்.

டாக்டர் அப்போது ஒரு பசுவுக்குக் கன்று எடுத்துக்கொண்டிருந்தார். கை தோள் வரை உள்ளே. அங்கிருந்தே, "எழுந்து நிக்குதா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றேன். கை கழுவி வந்து ஊசியைப் போட்டார். மதாம் நாயின் தலையை மடியில் வைத்து ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். எல்லாம் முடிந்ததும் டாக்டர் என் தோளைத் தட்டினார்: "நல்ல வேளை, நீ பாத்து வச்சிருந்த. நீ சொன்னா நான் தனியா பாக்கவேண்டியதில்ல."

சாக்கு

மறு வருஷம் மணிக்கும் அதே கதை. அதே கால், அதே தவழல். நானும் அதே வசனத்தைச் சொன்னேன். கோவிந்தன் மணியைப் பெட்டியில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து வந்தார். மணி பெட்டியில் இல்லை, சைக்கிள் பக்கத்தில் நடந்து வந்தது. மெதுவாகத்தான், ஆனால் நான்கு காலிலும். என்ன மருந்து என்றேன். தீபாவளிக்கு முன்னால் வீட்டுக்கு வழவழவென்று சிமெண்ட் தரை போட்டாராம், அதற்கப்புறம்தான் மணி விழுந்ததாம். வீடு முழுக்கச் சாக்கு விரித்தார், வளர்ந்து கிடந்த நகத்தை வெட்டினார், அவ்வளவுதான். "மில்லுல எண்ணெ சிந்தின எடத்துல சாக்குதான் போடுவோம் சார். இல்லன்னா நாங்களே வழுக்கி வுழுவோம், இது கெழட்டு நாயி."

விட்டுப்போனது

அன்று சாயங்காலமே மதாம் வீட்டுத் தரை நினைவுக்கு வந்தது. ஒருமுறை பிஜுவுக்குப் பூச்சி மருந்து கொடுக்கப் போயிருந்தேன். மெழுகு போட்டுத் தேய்த்த தரை. நானே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

தெரியாமல் செய்தது, போகட்டும் என்று மன்னிக்கப் போகிறீர்கள். அவசரப்படாதீர்கள். மேலே ஒன்றை எழுதாமல் விட்டேன். அந்தக் கடைசி நாள், ரிக்‌ஷாவிலிருந்து இறக்கியதும், ஆஸ்பத்திரி முற்றத்து மணலில் பிஜு எழுந்து நின்றது. நான்கைந்து அடி நடந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் டாக்டர் கேட்டார், நானும் "இல்ல சார்" என்றேன். முடிந்தது என்று சொன்ன வாயால் மாற்றிச் சொல்லக் கூச்சமாக இருந்தது. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

சொல்லிவிட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதாம் வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டார். உட்காராமலே சொன்னேன்: "அன்னிக்கு மணல்ல நின்னுச்சி மதாம். நான் பாத்தேன்." என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். "நானுந்தான் பாத்தேன் தம்பி. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போவுதுன்னு வாய மூடிக்கிட்டேன்."

அதன் பிறகு என்னை 'டாக்டர்' என்று கூப்பிட்ட ஒருவரையும், வெறும் கம்பவுண்டர்தான் என்று நான் திருத்தாமல் விட்டதில்லை. அதற்கு முன்னால் ஒருவரையும் திருத்தியதும் இல்லை.