தங்கையின் எடையைத் திருப்பி வாங்கிக்கொண்ட தாய்

"புள்ளைக்குச் சதை போட்டா சீக்குங்கிற. அம்மனவிட ஒனக்குத்தான் ரொம்பத் தெரியுமோ?"

பெரியம்மா இதைக் கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் அன்று என்னிடம் பயம் மட்டுமே இருந்தது.

அம்மன் அடியார்களே, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்து மூன்றாவது வருடம், தை மாதம். அப்பாவைச் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோயிருந்தார்கள். ரப்பர்த் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் அம்மா, நான், ஆறு வயதுத் தங்கை கமலம். சவுக்காரம் கிடையாது. ஆளுக்கு ஒரே துணி. மூன்று பேருக்கும் ஒரே பாய். கமலத்தின் விரல் இடுக்கில் தொடங்கிய சிரங்கு மணிக்கட்டு, வயிறு, தொடை என்று பரவியது. சொறிந்து சொறிந்து சீழ் வைத்தது. தூக்கமில்லாமல், சாப்பிட முடியாமல் பிள்ளை குச்சியாகிவிட்டாள்.

"முத்து மாதிரி இருக்கு. மாரியம்மா வெளையாடுறா. தண்ணி ஊத்தாதீங்க, மருந்து போடாதீங்க" என்றார் பெரியம்மா. லயத்தில் எல்லாரும் அதையே சொன்னார்கள். அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்: பிள்ளைக்குச் சதை போட்டால் அவள் எடைக்கு எடை மரவள்ளிக்கிழங்கு தருகிறேன் என்று. உப்புக்குத் தவித்த காலம் அது. எங்கோ பண்டமாற்றி வாங்கிய கருவாட்டை எல்லாம் அம்மா கமலத்துக்கே கொடுத்தார். எங்களுக்கு வெறும் கிழங்கு.

மாசியில் பிள்ளைக்குச் சதை போட்டது. கன்னம் உப்பியது. கை கால் பருத்தது. அம்மா அழுதுகொண்டே கற்பூரம் தேடினார்.

வெள்ளிக்கிழமை, ரப்பர் ஷீட் நிறுக்கும் தராசைக் கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். கமலத்தை ஒரு தட்டில் உட்காரவைத்தார்கள். கிழங்கை அடுக்க அடுக்க அவள் பக்கம் தாழ்ந்தே இருந்தது.

"ஏ, இன்னும் போடு லா! கிழங்கு தின்னா இப்படியா ஊதும்? இவ ஜப்பான்காரன் அரிசியத் தின்னுருக்கா!" என்று ஒருவர் கத்த, எல்லாரும் சிரித்தார்கள்.

நான் அவளை இறக்கப் போனேன். தட்டின் கயிறு அழுத்திய இடத்தில் அவள் முழங்கால் பள்ளமாகக் கிடந்தது. மேலே வரவேயில்லை. கணுக்காலை விரலால் அழுத்தினேன். அங்கேயும் குழி. சதை என்றால் உடனே மேலே எழும்பும், நீர் கோத்திருந்தால் குழி நிற்கும் என்று பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் படித்திருந்தேன். காலையில் அவள் ஒன்றுக்குப் போனது பால் விடாத கோப்பி ஓ நிறத்தில் இருந்ததும் நினைவுக்கு வந்தது.

"இது சதை இல்லம்மா. வீக்கம்."

அதற்குத்தான் பெரியம்மா அப்படிக் கேட்டார். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

எனக்கு நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு உள்ளே போய் விழுந்தேன். அம்மா கேட்டதற்கு நேர்மாறாகக் கேட்டேன். "தாயே, இந்த எடையை நீயே எடுத்துக்கொள். என் தங்கையை எலும்பாகவாவது கொடு."

எழுந்ததும் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊரான பாடாங் செராய்க்கு நடந்தேன். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. அங்கே மருந்து கொடுக்கும் டிரெசரை ஜப்பான்காரர்கள் வேறு தோட்டங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. அன்று, நான் போன நேரத்தில், மளிகைக்கடை வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றார். இதை அம்மனைத் தவிர வேறு யார் செய்திருப்பார்கள்?

அவர் சிரங்கைப் பார்த்தார், கண் இமையைப் பார்த்தார். "கண்ணுக்குத் தெரியாத பூச்சிம்மா. தோலுக்குள்ள குழி பறிச்சு முட்டை வைக்குது. சொறிஞ்ச புண்ணுல சீழ் வச்சதாலதான் சிறுநீரகம் கெட்டுருக்கு. ஒடம்புல நிக்கிறது தண்ணி. உப்பு குடுக்கிறீங்களா?"

"கருவாடு குடுக்குறாங்க."

"ஐயோ! ஒரு கல்லு உப்புகூடக் கூடாது."

"மருந்து?"

"எங்கருக்கு, கெடைக்கிறதே ரொம்ப சூசா. கொஞ்சம் கந்தகம் இருக்கு. தேங்காயெண்ணெயில கொழச்சு கழுத்துலேருந்து பாதம் வரைக்கும் தேய். மொதல்ல வேப்பிலத் தண்ணியில புண்ணக் கழுவு. வீட்டுல எல்லாரும் தேய்ச்சுக்கணும். துணியக் கொதிக்க வை. மிச்சத்தச் சாமிகிட்டக் கேளு."

"கேட்டுட்டுத்தான் வர்றேன்" என்றேன்.

கருவாட்டை நான் தூக்கி எறிந்தபோது அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "எம்புள்ளைய நீயே கொன்னுருவ" என்றார். "அக்கா, கண்ணு தொறக்க மாட்டேங்குது" என்று கமலம் முனகினாள். படுத்தால் மூச்சு வாங்கியது. சுவரில் சாய்த்து, கந்தக எண்ணெய் தேய்த்து, உப்பில்லாத கஞ்சி ஊட்டினேன். ஊட்டும்போதெல்லாம் தாயின் பெயரைச் சொன்னேன். வாசலுக்கும் பாய்க்கும் நடந்தபடியே இருந்தேன். தவறாக இருந்தால்? படித்தது பொய்யாக இருந்தால்?

ஒரு காலையில் சாக்கடைக் கானோரத்திலிருந்து அம்மா கத்தினார். "ஏண்டி, ஓடியாடி! புள்ள ஒண்ணுக்குப் போறாடி! நிக்கவே மாட்டேங்குது!"

அப்படியொரு நல்ல சேதியை நான் கேட்டதில்லை. தினமும் வீக்கம் வடிந்தது. கடைசியில் என் கையில் வெறும் எலும்புக்கூடு இருந்தது. நான் கேட்டபடியே தாய் தந்திருந்தாள்.

அரிப்பு நின்றது. கமலம் தூங்கினாள். தூங்கியவள் பசி என்றாள். அதே மரவள்ளிக்கிழங்கும் கீரையும்தான், ஆனால் சித்திரைக்குள் நிஜச் சதை பிடித்தது. தினமும் அவள் காலை அழுத்திப் பார்ப்பேன். குழி விழுவதில்லை.

இதற்காக நான் அந்தத் தாயின் காலடியில் நூறு முறை விழுவேன். படிப்பு என்னைச் சாமியிடமிருந்து பிரித்துவிடும் என்று சொன்னவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எதைக் கேட்க வேண்டும் என்று படிப்பு காட்டியது. தந்தவள் அவள்தான். நீங்களும் நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, பிள்ளையின் காலையும் அழுத்திப் பாருங்கள்.

கீழ் லயத்திலும் பிள்ளைகள் சொறிகிறார்கள். டிரெசரிடம் கந்தகம் வாங்கி வந்துவிட்டேன். லயத்து முனையில் தகர டிரம்மில் தண்ணீர் ஏற்றி, அடுப்பும் மூட்டிவிட்டேன். பாய்களையும் துணிகளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.