நன்றியுரை அஷ்ரஃபுன்னிசா

1983-இல் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு வேலை பிரித்த அன்று அஷ்ரஃபுன்னிசா காய்ச்சலில் படுத்திருந்தாள். நாங்கள் பூந்தமல்லியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தோம். வரவேற்பு நடனம், நாடகம், பேச்சு, கும்மி எல்லாவற்றையும் ஆளுக்கொன்றாகப் பிடுங்கிக்கொண்டோம். மூன்று நாள் கழித்து அவள் வந்தபோது மிச்சமிருந்தது நன்றியுரை மட்டும்தான். அதை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். நன்றியுரை தொடங்கும்போது கூட்டம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்.

"பத்மா, நான் மேடையில பேசினதே இல்லடி" என்றாள் என்னிடம்.

"யாரும் கேக்க மாட்டாங்கோ. பேரை வாசிச்சிட்டு எறங்கிடு" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

தமிழ் டீச்சர் ஒரு முழுத்தாளில் பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுத்தார். முதல் பெயர் சிறப்பு விருந்தினர் செங்கல்வராயன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரைஸ் மில் வைத்திருந்தவர். எங்கள் பெற்றோர் சங்கத் தலைவரும் அவர்தான்.

விழாவன்று காலையில் மழை கொட்டி மைதானம் சேறாகிவிட்டது. சிறப்பு விருந்தினரும் லேட்டாகத்தான் வந்தார். நிகழ்ச்சி தொடங்கவே ஒரு மணி நேரம் தாமதம். வரவேற்பு நடனத்துக்கு நின்ற பெண்ணின் அட்டைக் கிரீடம் தலையில் நிற்காமல் ஆடியது. பக்கத்தில் நின்ற யாரோ அஷ்ரஃபுன்னிசாவின் கையிலிருந்த தாளை வாங்கி, நாலாக மடித்து, கிரீடத்துக்குள் செருகிவிட்டார்கள். கிரீடம் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெண் ரெட்டேரி போகிற சித்தப்பாவோடு கிரீடத்தைக் கழற்றாமலே கிளம்பிவிட்டாள். தாளும் கூடவே போய்விட்டது.

கடைசியில் "நன்றியுரை" என்று மைக்கில் அறிவித்தார்கள். நான் அப்போது எழுந்து கேட் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். மைக்கை அவள் தன் உயரத்துக்கு இறக்கிக்கொள்ளும் கரகரச் சத்தம் கேட்டது.

பிறகு அவள் சொன்னாள்: "காலையில ஆறு மணிக்கு வந்து, பள்ளத்துல தேங்கின தண்ணிய எல்லாம் பக்கெட்டுல மொண்டு ஊத்தின கன்னியம்மா ஆயாவுக்கு நன்றி."

போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேப்பமரம் வழுக்குதுன்னு தெரிஞ்சும் மேல ஏறி ஸ்பீக்கர் கட்டின மைக்செட்டு அப்பாவு அண்ணனுக்கு நன்றி. கும்மியில வழுக்கி விழுந்து, எழுந்து, பாட்ட உட்ட எடத்துலேர்ந்து புடிச்ச எட்டாம் வகுப்பு வேம்புலியம்மாளுக்கு நன்றி."

கூட்டத்தில் கைதட்டல் எழுந்தது. வேம்புலியம்மாளின் அம்மா விசிலே அடித்தாள். எழுந்தவர்கள் அங்கங்கே உட்கார ஆரம்பித்தார்கள். நானும் உட்கார்ந்தேன். என் பெயர் வருமா என்ற ஆசைதான் காரணம், வேறென்ன. வந்தது. நாடகத்தில் வசனம் மறந்தவர்களுக்குத் திரைக்குப் பின்னால் நின்று எடுத்துக் கொடுத்ததற்காக. அது யாருக்கும் தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இருபது பேருக்கு மேல் சொன்னாள். சிறப்பு விருந்தினர் பெயரை மட்டும் மறந்துவிட்டாள்.

மறுநாள் பெரிய டீச்சர் அவளைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தார். மன்னிப்புக் கடிதம் எழுதி மில்லுக்கே போய்க் கொடுத்துவிட்டு வரவேண்டும் என்று உத்தரவு. வீட்டில் அதைவிடப் பெரிய வழக்கு காத்திருந்தது. அவள் அத்தா சாதுல்லா மெத்தை தைத்து விற்பவர். தலைவரின் நாற்காலிக்குப் போட்ட சிவப்பு மெத்தை அவர் கடையிலிருந்து போனது.

"தலைவரை உட்டே, போவட்டும்" என்றார் சாதுல்லா. "அவரு மூணு மணி நேரம் உக்காந்துகினு இருந்த மெத்தைய எப்டி உட்டே? மைக்செட்டுக்காரன் பேரு வருது, என் பேரு வரல!"

அவள் அம்மா ரசூல் பீவி வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டார்.

மில்லுக்கு நானும் துணைக்குப் போனேன். செங்கல்வராயன் கடிதத்தை முழுசாகப் படித்தார்.

"லேட்டா வந்தேன்னுதானே உட்டே?"

"இல்லீங்க ஐயா. மறந்துட்டேன்."

"மறந்துட்டியா? முன்னாலதானேம்மா உக்காந்துகினு இருந்தேன்!"

"அதான் ஐயா. ஓடியாடினவங்க எல்லாம் ஞாபகம் கீது."

நான் அவள் கையைக் கிள்ளினேன். அவர் ஒரு நொடி முறைத்தார். பிறகு மில் இயந்திரத்தின் சத்தத்தையும் மீறிச் சிரித்தார். அடுத்த வருடம் அழைப்பிதழ் கொண்டுபோன டீச்சரிடம், "நன்றியுரை அந்தப் பொண்ணுதானே? அப்போ வர்றேன்" என்றாராம். வந்தவர், வந்ததும் நாலு பெஞ்சை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் மேடை ஏறினார். அவர் பெயர் அந்த முறை இரண்டு தடவை வந்தது. சாதுல்லா பெயரும் வந்தது. அவர் பின்வரிசையில் சால்வையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதன்பின் பள்ளியை விடும்வரை எல்லா விழாவிலும் அவள்தான் நன்றியுரை. இதற்குப் பரிசு கிடையாது, சான்றிதழும் கிடையாது. ஆனால் விழா நாளில் காலையிலேயே வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பாள். யார் எதைத் தூக்குகிறார்கள், யார் சாப்பிடாமல் இருக்கிறார்கள், யார் அழுகிறார்கள் என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் கண்ணில் படவேண்டும் என்றே பலபேர் வேலை செய்தார்கள். அப்படிச் செய்தவர்கள் பெயர் ஏனோ வராது.

பிளஸ் டூவில் சுமாரான மார்க்தான். பட்டணத்தில் ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்தாள். அங்கே நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்து பாரிவாக்கத்தில் பத்து நாள் முகாம் போனாள். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் வேலை. மற்றப் பெண்கள் படிவத்தை நீட்டினார்கள். ஊர்க்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். இவள் முதல் இரண்டு நாள் குழாயடியில் நின்று பெயர்களைத் தெரிந்துகொண்டாள். மூன்றாம் நாள் முனியம்மா வீட்டுக்குப் போகும்போது, "இன்னா முனியம்மாக்கா, ஜுரம் உட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள். அவளுடைய படிவங்களில் மட்டும்தான் காலி இடமே இல்லை.

1991-இல் அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில், வருகைப் பதிவேடு பார்க்கும் வேலை கிடைத்தது. ஆண்டு விழா என்று பேச்சு வந்ததும் நன்றியுரையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். யார் போட்டிக்கு வரப்போகிறார்கள்?

நான்கு வருடம் அமைதியாகப் போனது. ஐந்தாவது வருடம் பெருமழை. கப்பலுக்குச் சரக்குப் போகவேண்டிய வாரத்தில் பஸ் ஓடவில்லை. திருநின்றவூர்ப் பக்கமிருந்து வந்த ரயில் ஆவடியோடு நின்றுவிட்டது. பேக்கிங் பிரிவு முத்தம்மாள் கூட வந்த பத்துப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, தண்டவாளத்தோரமாகவே எஸ்டேட் வரைக்கும் நடந்து வந்தாள். இரண்டு நாள் அப்படித்தான் வந்தார்கள். சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த வருட விழாவில் மேனேஜர் மணவாளனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். அவர் எழுதித் தந்த நன்றியுரையில் "பேக்கிங் பிரிவு ஊழியர்கள்" என்று ஒரு வரி இருந்தது. அஷ்ரஃபுன்னிசா அந்த வரியை வாசித்துவிட்டு, தாளை மடித்து வைத்தாள்.

"ஊழியர்கள்னா யாரு யாருன்னு சொல்லிடுறேன்" என்று, பதினொரு பெயர்களையும், எந்த ஊர், எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள் என்பதோடு சொன்னாள். "இவங்க எல்லாரும் இங்க ஆறு வருஷமா டெம்பரவரியா வேலை செய்யறாங்க. அவங்களுக்கு நன்றி" என்று முடித்துவிட்டு இறங்கினாள்.

குரலில் கோபம் இல்லை என்று கேட்டவர்கள் சொன்னார்கள். ஆனால் பிறகு அவளே என்னிடம் சொன்னாள்: "வேலை போச்சுன்னுதான்டி நெனச்சேன்."

முதலாளி வெளியூர்க்காரர். விழாவுக்கு மட்டும் வருபவர். "ஆறு வருஷமா?" என்று மேனேஜரைப் பார்த்துக் கேட்டார். மணவாளன் பதினைந்து நாள் அவளோடு பேசவில்லை. இரண்டு மாதத்தில் ஏழு பேரை நிரந்தரமாக்கினார்கள். மற்ற நாலு பேருக்கு அடுத்த வருடம் என்றார்கள். அதற்குள் ஒருத்தி கோபித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள்; மிச்சம் மூன்று பேருக்கும் சொன்னபடி ஆனது. முத்தம்மாள் ஒருநாள் டிபன் பாக்ஸ் நிறைய மீன் குழம்போடு வந்து, "நீ சொன்னப்புறம்தான் மேடம் நான் எம்மாந்தூரம் நடந்துகீறேன்னு எனுக்கே தெரிஞ்சுது" என்றாளாம்.

கொஞ்ச நாளில் அஷ்ரஃபுன்னிசாவை ஆள் எடுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். தொல்லையை ஒரு மூலையில் வைக்கத்தான் மாற்றினார்கள் என்று சிலர் சொன்னார்கள். அவளுக்கு அது தோதாகப் போய்விட்டது. வேலை கேட்டு வருகிற பெண்களிடம் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "ஸ்கூல்ல படிப்பைத் தவிர இன்னா பண்ணே?" என்று கேட்பாள். பலபேர் இன்னொரு சான்றிதழை எடுத்து நீட்டுவார்கள்.

போன மாதம் ஒரு பெண் வந்தாளாம். பட்டாபிராமிலிருந்து. பத்தாவதில் கணக்கில் முப்பத்தாறு.

"த்ரோபால் ஆடினேன் மேடம்."

"கப்பு வாங்கினீங்களா?"

"இல்ல மேடம். மூணு வருஷத்துல ஒரு மேட்ச்சுகூட ஜெயிக்கல."

"அப்புறமும் ஆடினியா?"

"பின்ன? சாயந்தரம் ஆனா டீம் வந்து நின்னுகினு இருக்குமே மேடம், நான் போவாம இருக்க முடியுமா?"

திங்கட்கிழமையிலிருந்து வரச்சொல்லிவிட்டாள்.