கல்லூரி பிழைக்கட்டும் என்று வாய் மூடினேன்

என் மகள் படித்த கல்லூரியை மூடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று நான் கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். களைக்கொத்தை வீசிவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். நெருக்கடி நிலை வந்ததே, அதற்கு முந்தின வருஷத்து ஆடி மாதம் அது.

கோயிலுக்கு வந்திருக்கும் தாய்மார்களே, என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பேர் பழனாத்தாள். வேலந்தாவளம் பக்கம் விவசாயக் குடும்பம். சந்தைக்குப் போனால் நான் பேசுவது மாட்டுத் தரகர்களையும் மீறிக் கேட்கும் என்று ஊரே சிரிக்கும். அப்படிப்பட்ட வாய்க்காரிக்கு மாரியாத்தா ஒரே மகளைக் கொடுத்தாள். பேர் தெய்வானை. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை.

கோயமுத்தூரில் ஒரு டாக்டர், "கையாலே சாடை பேசாதீங்க, அப்புறம் வாய்ப்பேச்சே வராது" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டோம். தெய்வானையின் முகத்துக்கு நேரே நின்று, "சோறு, தண்ணி, வா, போ" என்று வாயைக் கோணிக் கோணிக் கத்துவேன். அவள் என் உதட்டையே பார்ப்பாள். இதற்கு மேல் எங்களுக்குள் ஒரு பேச்சும் கிடையாது.

பத்தாவது முடித்த பிறகு, காது கேளாத பிள்ளைகளுக்கென்று பாலக்காட்டுப் பக்கம் இருந்த சின்னக் கல்லூரியில் சேர்த்தோம். தட்டச்சு, கணக்கு, கட்டட வரைபடம் சொல்லிக் கொடுத்தார்கள். பீர்மேடு எஸ்டேட்டிலிருந்து வந்த வள்ளி அவளுக்கு உயிர்த்தோழி. அந்தப் பிள்ளைகள் கையாலேயே பேசி, ஒருவருக்கொருவர் கையாலேயே பேர் வைத்திருந்தார்கள். வள்ளி மூக்குத்தி போட்டிருப்பாள். மூக்கைத் தொட்டால் வள்ளி.

கல்லூரிக்கு நெல்லளந்து வந்த ஜமீன்காரர் காலமானார். அவர் பிள்ளைகள் கையை விரித்துவிட்டார்கள். கல்லூரியை நடத்தி வந்த டீச்சரம்மா சர்க்கார் கிராண்டுக்கு எழுதினார். படிப்பு இலாகா, "இது அங்கவீனர் இல்லம், க்ஷேம இலாகாவுக்குப் போ" என்றது. அங்கே போனால், "பேரிலேயே கல்லூரி இருக்கிறதே, படிப்பு இலாகாவுக்குப் போ" என்றார்கள். இரண்டு வாசலிலும் இல்லை என்றே பதில். கடைசியில், ஒரு பெரிய ஆபீசர் நேரில் வந்து பார்த்து இது கல்லூரிதானா என்று முடிவு சொல்வார் என்றார்கள். அதற்குள் அரிசி தீர்ந்துபோய் விடுதியை மூடினார்கள். பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பினார்கள். வள்ளியின் அப்பா வந்து அவளைப் பெட்டியோடு கூட்டிப் போனார்.

தெய்வானை வந்த மறுவாரமே என் கொழுந்தனார் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை பெண்டாட்டியை இழந்தவர், மூன்று பிள்ளைகள்.

"ஏனுங்க அண்ணி, வாய் பேசாத புள்ளைன்னா ஊட்டுல சண்டை சச்சரவு இருக்காதுங்களே. மாப்பிள்ளைக்கு அதுதானுங்க ரொம்பப் புடிச்சுப்போச்சு" என்றார்.

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "காலேஜு தொறக்கலீன்னா வேற என்ன வழி பழனா?" என்றார்.

நேராகக் கோயிலுக்குப் போனேன். "ஆத்தா, உனக்குப் பூ மிதிக்கறது, மாவிளக்கு எடுக்கறது எல்லாம் எனக்குப் பெரிசில்லை. எனக்குப் பெரிசு என் வாய்தான். அந்தக் கல்லூரிக்கு நல்ல சேதி வர்ற வரைக்கும் ஒரு பேச்சுப் பேசமாட்டேன். எம் புள்ளையக் காப்பாத்து" என்று சூடத்தின் மேல் சத்தியம் செய்தேன்.

"பழனாத்தா வாய மூடீட்டாளாமா, இனி மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டும்" என்று கிணற்றடியில் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

மௌனம் இருந்தால் வீட்டு வேலை நடக்க வேண்டாமா? வேறு வழியில்லாமல் தெய்வானையிடம் கையை அசைத்தேன். அவள் திகைத்து நின்றாள். பிறகு என் விரல்களைப் பிடித்துத் திருத்தினாள். நாளாக நாளாக எனக்குக் கை பழகியது. ஒருநாள் அடுப்பங்கரையில் அவள் கையால் கேட்டாள்: "எனக்குக் காது கேட்காது என்று தெரிந்தபோது நீ அழுதாயா?" பதினெட்டு வயதுப் பெண், பெற்ற தாயிடம் கேட்ட முதல் கேள்வி அது! ஆமாம் என்றேன். "இப்போதும் அழுகிறாயா?" என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். என் கண்ணைத் துடைத்துவிட்டு, "நான் படிக்க வேண்டும், அந்த ஆளைக் கட்டிக்கொள்ள மாட்டேன்" என்றாள். இவ்வளவு பேச்சு என் பிள்ளைக்குள் இருந்திருக்கிறது. நான் கத்திய கத்தலில் ஒன்றுமே தெரியாமல் போய்விட்டது.

ஆபீசர் வருகிற அன்று பிள்ளைகளையும் பெற்றவர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் மலையாளி, தமிழும் தெரியும். வகுப்புக்குள் வந்து நின்று, "பாடம் நடக்கிற சத்தமே இல்லையே! இது காலேஜா, இல்ல அனாதமந்திரமா டீச்சரே?" என்றார். அனாதை இல்லத்துக்கு மலையாளத்தில் அப்படிப் பேர். டீச்சரம்மா எவ்வளவோ சொன்னார். ஆபீசர் முகம் மாறவில்லை. என் பக்கம் திரும்பி, "நிங்ஙள் சொல்லுங்கம்மா. இவிடெ வந்து உங்க பொண்ணு என்னதான் படிச்சது?" என்று கேட்டார்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க பழனாத்தாம்மா" என்று டீச்சர் என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். பேசினால் ஆத்தாவுக்குக் கொடுத்த வாக்குப் போச்சு. பேசாவிட்டால் பிள்ளை வாழ்க்கை போச்சு. ஆத்தா, இப்படியும் ஒரு சோதனையா என்று மனசுக்குள் அலறினேன். என்னை அறியாமல் கை எழும்பியது.

தெய்வானை என் கையைப் பார்த்தாள். விறுவிறுவென்று போய்ச் சாக்குக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில், கல்லூரியில் படித்த மலையாளத்தில் எழுதினாள். டீச்சர் அதை எனக்குத் தமிழில் சொன்னார்: "அம்மா விரதம். பேச மாட்டார். நான் சொல்கிறேன்."

நான் கையால் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். "இவள் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாமலே வளர்த்தேன். இங்கே படித்ததால்தான் தெரிந்தது. இதை மூடினால், வாய் பேசாதவள் என்பதையே சீராக வைத்து இவளைத் தள்ளிவிடுவார்கள்."

ஆபீசரும் சாக்குக்கட்டியை வாங்கிக்கொண்டு கேள்வி எழுத ஆரம்பித்தார். அவள் பதில் எழுதினாள். தெய்வானையின் பக்கத்து இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று எழுதினார். "வள்ளி. சோறு இல்லை என்று போய்விட்டாள்" என்று எழுதினாள்.

போகும்போது அவர் டீச்சரிடம் சொன்னார்: "பேச்சு இருக்கிற அம்மா சும்மா நிக்குது. அதுக்காக இந்தக் குட்டி பேசுது. இதை அனாதமந்திரம்னு நான் எப்படி எழுதறது?"

மார்கழியில் உத்தரவு வந்தது. கல்லூரி என்று ஒப்புக்கொண்டு கிராண்டும் கொடுத்தார்கள். சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லியனுப்பினோம். கோயில் வாசலில் விரதம் முடித்தபோது என் தொண்டை துருப்பிடித்துக் கிடந்தது. முதல் சொல்லாக "தெய்வானை" என்று கூப்பிட்டேன். பக்கத்திலேயேதான் நின்றாள். அவளுக்குக் கேட்கவில்லை. தோளைத் தொட்டுக் கையால் சொன்னேன்.

வள்ளியைத் திரும்ப அழைத்துவர நானும் தெய்வானையும் பீர்மேட்டுக்குப் பஸ் ஏறினோம். எஸ்டேட் கூலியாட்களின் லயத்து வீட்டில் வள்ளியின் அம்மா, என் விரதத்தையும் வந்த உத்தரவையும் கேட்டதும் அழுதுவிட்டாள். "கார்த்திகையிலேயே இதே எஸ்டேட்டுல கட்டிக் குடுத்துட்டோம் தாயி. நானுந்தான் கும்பிட்டேன். எம் வேண்டுதல் மட்டும் ஏன் தாயி ஆத்தாவுக்குக் கேக்கல?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன்.

தேயிலைக் கொழுந்துக் கூடையோடு வள்ளி மலையிறங்கி வந்தாள். தெய்வானை ஓடிப்போய் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். கை படபடவென்று பேசியது. வள்ளி பின்னால் வந்த மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு கையையும் சேலை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டாள். திரும்பி வருகிற வழியெல்லாம் என் மகள் தேம்பிக்கொண்டே வந்தாள்.

தெய்வானை இன்று வரைபட வேலை பார்த்துத் தன் காலில் நிற்கிறாள். மாரியாத்தா எனக்குச் செய்த உதவியைச் சாகும்வரை மறக்கமாட்டேன். நீங்களும் அவளை நம்புங்கள், தாய்மார்களே. வாய் வராவிட்டால் கையால் கேளுங்கள், அவளுக்குப் புரியும். ஆனால் கேட்கும்போது உங்கள் பிள்ளை பேரோடு நிறுத்திவிடாதீர்கள். நான் அன்றைக்கு ஒரே பேரைத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை தோறும் இங்கே சூடம் காட்டும்போது, கன்னத்தில் போட்டுக்கொள்வதற்கு முன்னால் என் மகள் மூக்கைத் தொடுவதைப் பார்த்திருப்பீர்கள். என்ன வேண்டுதல் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். அதுதான் வேண்டுதல். இன்றைக்குச் சூடம் காட்டும்போது நீங்களும் ஒரு தரம் மூக்கைத் தொடுங்கள்.