நாலாவது கம்பியின் தாமதம்

“டாக்டரம்மா, உடம்புல கத்தி வைக்காம ஆபரேஷன் பண்ண முடியுமா?” என்று கேட்டுக்கொண்டேதான் சித்தப்பா அவள் வேலை செய்யும் கிட்டார் ரிப்பேர் கடைக்குள் நுழைந்தார். தோளில் பேஸ் கிட்டார், கையில் பிரிக்காத அட்டைப்பெட்டி.

அவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். “சின்த் பிக்கப்பா? கம்பி ஆடறத வேற வாத்தியச் சத்தமா மாத்தறதாச்சே. யாருக்கு சித்தப்பா?”

“எனக்குத்தான். கீபோர்டுக்காரர் நின்னுட்டார். இனிமே வயலின், புல்லாங்குழல் சத்தமெல்லாம் நான்தான் பேஸ்ல கொண்டு வரணுமாம். சனிக்கிழமைக்குள்ள முடியலேன்னா வேற ஆள் பாத்துக்கறேன்னுட்டார் எங்க கச்சேரிக் குழு லீடர்.”

“இருபத்திரண்டு வருஷமா வாசிக்கிறீங்க. உங்களப் பாத்தா அப்படிச் சொன்னார்?”

“என்னப் பாத்து எங்க சொன்னார்? போனைப் பாத்துக்கிட்டே சொன்னார்.”

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். “ஓட்டை மட்டும் போட்டுடாத” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

குடும்பத்தில் அவருக்கு ‘முழங்கை’ என்று பெயர். பகலில் அச்சகத்தில் காகிதம் வெட்டுவார். வார இறுதியில் விருந்து மண்டபங்களில் வாசிப்பார். எந்த வீடியோவிலும் டிரம்ஸ்காரருக்குப் பக்கத்தில் ஒரு முழங்கையாகத்தான் தெரிவார். சித்தி அதையும் நிறுத்திக் காட்டி, “இதோ பாருங்க, எங்க வீட்டுக்காரர்” என்பாள். டிரம்ஸ்காரர் காலால் பெடலை மிதிக்கும் அதே நொடியில் தன் விரல் தடித்த கம்பியில் விழும் என்பது ஒன்றுதான் அவர் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது.

அவள் ஓட்டை போடவில்லை. மெல்லிய பட்டை போன்ற பிக்கப்பை இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் கம்பிகளுக்கு அடியில் பொருத்தினாள். அதன் கேபிளை, கூடவே வந்திருந்த, சத்தத்தை மாற்றும் மின்பெட்டியில் செருகினாள். முதல் மூன்று கம்பிகளிலும் புல்லாங்குழல் கேட்டது. நாலாவது கம்பியை, எல்லாவற்றிலும் தடித்ததை, சித்தப்பா மீட்டினார். கண் இமைக்கும் நேரம் கழித்துத்தான் சத்தம் வந்தது.

“என்னம்மா இது, யோசிச்சு யோசிச்சுப் பேசுது?”

பிக்கப்பை உயர்த்திப் பார்த்தாள், தாழ்த்திப் பார்த்தாள், கேபிளை மாற்றினாள். சாயங்காலம்வரை மல்லுக்கட்டியும் ஒன்றும் நடக்கவில்லை.

“பழுது இல்ல சித்தப்பா. தடிச்ச கம்பி மெதுவா ஆடுது. அது ஒரு தடவையாவது போயிட்டு வந்தாத்தான் என்ன சுரம்னு பெட்டிக்குத் தெரியும். அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

“அப்ப நான் கொஞ்சம் முன்னாடியே மீட்டிட்டா?”

மூன்று நாள் ஒத்திகையில் அப்படியே செய்தார். தாமதமில்லாத மற்ற மூன்று கம்பிகளிலும் விரல் முந்திக்கொண்டது. டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கியபடி நிறுத்தி, “என்ன அண்ணே, ரயிலப் பிடிக்கணுமா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

வெள்ளிக்கிழமை மறுபடி கடைக்கு வந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. “பெட்டியக் கழட்டி வச்சுட்டு வாசிச்சுப் பாத்தேன்மா. அப்பவும் விரல் முன்னாடியே விழுது.”

அவளிடம் ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. மேசையைப் பார்த்தபடி அதைச் சொன்னாள். நாலு கம்பிகளையும் எடுத்துவிட்டு மெல்லிய கம்பிகளை மாட்டி, ஒரு ஸ்தாயி மேலே சுருதி கூட்ட வேண்டும். மெல்லிய கம்பி வேகமாக ஆடும். தாமதம் காதுக்குத் தெரியாது. கீழ்ச்சத்தம் வேண்டுமானால் அதையும் பெட்டியே போட்டுக்கொடுக்கும்.

“அப்ப இது?” என்று கிட்டாரின் வயிற்றைத் தொட்டார்.

“இது சும்மா பிடிச்சுக்கறதுக்கு.”

சொன்ன பிறகுதான் எவ்வளவு பட்டென்று சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

“சரி, மாட்டிடு. நாளைக்குச் சனிக்கிழமையாச்சே.”

கடையில் பழைய கம்பியைத் தளர்த்தி, நடுவில் ஒரு வெட்டு வெட்டி, தகர டப்பாவில் போடுவதுதான் வழக்கம். நாலையும் தளர்த்திவிட்டு அவள் கட்டரை எடுத்தாள். சித்தப்பாவின் கை குறுக்கே வந்தது.

“வெட்டாதம்மா. முழுசாக் கழட்டி, சுருட்டி என் பையில வச்சுடு. எந்தக் கம்பி எதுன்னு ஒரு சீட்டும் எழுதி ஒட்டிடு. திரும்ப மாட்டும்போது எனக்குக் குழம்பிடக் கூடாது பாரு.”