அண்ணன் சுட்ட மூன்று அப்பங்கள்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு என்மேல் இன்னும் வருத்தம் இருக்கும். முருகனைக் கும்பிட்ட மனிதரின் மூத்த பிள்ளைக்குக் கொள்ளி வைக்காமல், யூதர் இடுகாட்டில் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டாளே என்று அன்றைக்கே பேசினீர்கள். எனக்குக் கேட்காது என்று நினைத்துப் பேசினீர்கள், நன்றாகவே கேட்டது. பதில் சொல்லும் நிலையில் அன்று நான் இல்லை. இன்று சொல்கிறேன். கூடவே, யாரும் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்ணன் பிறந்தது ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில், ஓடைக்கரையை ஒட்டிய மூன்றாம் மாடி வீட்டில். எங்கள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அம்மா, பாக்தாத்திலிருந்து ரங்கூனுக்கு வந்து தங்கிவிட்ட யூதக் குடும்பத்தின் கடைசிப் பெண். இரண்டு வீட்டாருக்கும் பிடிக்காத கல்யாணம். வாசல் நிலையில் அம்மா பதித்த, வேத வசனம் எழுதிய சுருளை உள்ளே வைத்த சிறு குழாய், உள்ளே சுவரில் அப்பாவின் முருகன் படம். அப்பா காலையில் விபூதி பூசிக்கொண்டு போகும்போது அந்தக் குழாயையும் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் படி இறங்குவார். தாய் யூதரானால் பிள்ளைகளும் யூதர் என்பது அவர்கள் சட்டம். அதனால் நாங்கள் இருவரும் யூதப் பிள்ளைகளாகவே வளர்ந்தோம், தமிழ் பேசிக்கொண்டு.

அண்ணனுக்குப் பதினாறு வயதில் அப்பா போய்விட்டார். அண்ணன் பள்ளியை விட்டுவிட்டு, மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் சேர்ந்தார். விசிறி, தண்ணீர் மோட்டார், ஐஸ் கம்பெனி மோட்டார் என்று கருகிப்போனதையெல்லாம் பிரித்துக் கம்பி சுற்றுவார். பிறகு அதே தெருவில் தனியாகச் சின்னப் பட்டறை போட்டார். என்னைப் படிக்க வைத்தது அந்தக் கைதான். நான் ஊர்க்கோடியில் இருக்கும் ஷ்வேப்யிதாவில் தையல் தொழிற்சாலையில் சூப்பர்வைசராகி அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கியபோது, ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போவார். ஒரு நாளும் சத்தம் போட்டுப் பேசியதில்லை. ஆனால் பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். வீட்டில் சத்தத்துக்குத் தான் ஒருத்தி போதும் என்று அண்ணி சொல்வார்.

இனி பஸ்கா பண்டிகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் அண்ணனைத் தெரியாது. எகிப்தில் அடிமையாய்க் கிடந்த முன்னோர் விடுதலையாகிப் புறப்பட்டதை நினைத்து, வருஷத்துக்கு ஒருமுறை யூதர்கள் ஒன்றாகப் பந்தியில் உட்காரும் பண்டிகை அது. புறப்பட்ட அவசரத்தில் மாவு புளிக்க நேரமில்லாமல் அப்படியே சுட்டுக்கொண்டு போனார்களாம். அதனால் அந்த எட்டு நாளும் புளித்த எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. கோதுமை மாவில் தண்ணீர் பட்டுச் சும்மா நின்றாலே புளிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் ஊற்றினால் பதினெட்டு நிமிஷத்துக்குள் பிசைந்து, தட்டி, சுட்டு எடுத்துவிட வேண்டும். பண்டிகையில் அரிசி சமைப்பது எங்கள் அம்மா வழியில் உண்டு. ஆனால் அதில் ஒரு கோதுமை மணிகூட இல்லை என்று மூன்று தடவை பார்த்துப் பொறுக்க வேண்டும். அண்ணி கல்யாணமாகி வந்த முதல் வருஷம், கல் பொறுக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து ஒரே தடவையில் முடித்துவிட்டு எழுந்துவிட்டார். அம்மா தட்டை வாங்கி முதலிலிருந்து தொடங்கினாராம். இன்றைக்கும் அண்ணி அதைச் சொல்லிச் சிரிப்பார்.

பந்தியில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் அந்தப் புளிக்காத அப்பத்தைத் துணியில் மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியே போய்க் கதவைத் தட்டுவார். உள்ளே இருப்பவர் கேட்பார்: எங்கிருந்து வருகிறாய்? எகிப்திலிருந்து. எங்கே போகிறாய்? எருசலேமுக்கு. கையில் என்ன கொண்டு போகிறாய்? புளிப்பில்லாத அப்பம். அப்பாவுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக அம்மா இந்தக் கேள்விகளைத் தமிழாக்கிவிட்டார். உலகத்தில் வேறு எந்த யூத வீட்டிலும் இதைத் தமிழில் கேட்டிருக்க மாட்டார்கள் என்று அண்ணன் பெருமையாகச் சொல்வார்.

அம்மாவின் சின்ன வயதில் பஸ்காவுக்கு நூறு பேர் உட்காரும் பந்திகள் இந்த ஊரில் நடந்தனவாம். எங்களுக்கு விவரம் தெரியும்போதே முப்பது. பிறகு கப்பலேறியவர்கள், விமானம் ஏறியவர்கள், இடுகாட்டுக்குப் போனவர்கள் என்று குறைந்து, கடைசியில் ஐந்து பேர் ஆனோம். அண்ணன், அண்ணி, நான், கண்பார்வை மங்கிய யூதப் பெரியவர் ஊ எஸ்ரா, அவர் மனைவி டோ டின். ஊ, டோ என்பவை பெரியவர்களுக்குப் பர்மியர் வைக்கும் மரியாதைச் சொற்கள். அதுவரை மூட்டை சுமந்த அண்ணன் மகனும், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் கடிதம் வந்ததும் எல்லை தாண்டிப் போய்விட்டான். அவன் பயந்து போகவில்லை, நாங்கள்தான் அனுப்பினோம். அதற்குப் பிறகு அறுபது வயதுக்கு மேல் அண்ணனே மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் நின்று கதவைத் தட்டினார். கீழ் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். அவருக்கு இல்லை.

வெளிநாட்டிலிருந்து மாமா பல தடவை கூப்பிட்டார். மகன் போன பிறகு நானே கெஞ்சினேன், போய்விடுங்கள் அண்ணே என்று. அவர் சொன்ன பதில் ஒன்றுதான்.

"நானும் போயிட்டா ஊ எஸ்ரா யாருகிட்ட கேள்வி கேப்பாரு? இந்த ஊர்ல பஸ்கா நின்னா, அது என் வீட்டுல நின்னதா இருக்கக் கூடாது."



போன வருஷம் தை மாதத்திலேயே அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றில் கட்டி என்றார்கள். அறுக்க முடியாது என்றும் சொன்னார்கள். மருந்து ஒரு வாரம் கிடைக்கும், மறுவாரம் கிடைக்காது. அவர் கவலைப்பட்டது அதற்கல்ல. வருஷாவருஷம் வெளிநாட்டிலிருந்து வரும் அப்பப் பெட்டி வரவில்லை. அப்பம் இல்லாமல் பஸ்கா இல்லை. நாமே சுடலாம் என்றார். கடை மாவு ஆகாது, மில்லில் கோதுமையை நனைத்துவிட்டுத்தான் அரைக்கிறார்கள். ஷ்வேப்யிதாவில் என் அறைக்குப் பக்கத்தில் மிளகாய்ப் பொடி அரைக்கும் ஒருவர், இயந்திரத்தைக் கழற்றித் துடைத்து, நனைக்காத கோதுமையை எனக்காக அரைத்துக் கொடுத்தார். இரண்டு வீசை மாவு, மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும். அதைத் துணிப்பையில் கட்டி, மேலே பிளாஸ்டிக் பை போட்டு முடிந்துகொண்டு பஸ் ஏறினேன்.

அன்று பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவின் முதல் நாள், தெருவில் போகிறவர் மேலெல்லாம் தண்ணீர் ஊற்றுவார்கள். புத்தியுள்ளவள் அதற்கு முந்தின நாளே கொண்டுவந்திருப்பாள். எனக்குத் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. ஊர் கெட்டுக் கிடக்கிறது, தண்ணீர் பீய்ச்சும் பெரிய மேடைகள் கிடையாது, யார் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள் என்று துணிந்தேன். மேடை இல்லைதான். தெருப் பிள்ளைகள் இருந்தார்களே! பசுந்தாங்கில் இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் ஒரு வாளி தலையில், ஒரு வாளி மார்பில். பையை வயிற்றோடு அணைத்துக் குனிந்துகொண்டேன். முதுகிலும் ஊற்றினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அது அவர்கள் பண்டிகை.

மாடிப்படியில் நின்று முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். துணிப்பையின் ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். திருவிழா முடியும்வரை அரவைக் கடை திறக்காது. மறுநாள் பஸ்கா. இந்த மாவு இல்லையென்றால் அப்பம் இல்லை. அண்ணனுக்கு அடுத்த பஸ்கா கிடையாது என்று எனக்குத் தெரியும். பையின் காய்ந்த ஓரத்தால் ஒற்றி எடுத்து, ஈரப் பக்கத்தை உள்ளே மடக்கிப் பிடித்துக்கொண்டு மேலே போனேன்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "மாவு நனையலையே?" என்று கேட்டார்.

"இல்லண்ணே," என்றேன். உச்சி முதல் பாதம் வரை சொட்டச் சொட்ட நின்றுகொண்டுதான் சொன்னேன்.

அவர் என்னையும் கையிலிருந்த பையையும் பார்த்தார். பிறகு அண்ணியைக் கூப்பிட்டு எனக்குத் துண்டு கொடுக்கச் சொன்னார். நான் துவட்டிக்கொண்டு, இருட்டுவதற்குள் டோ டின் வீட்டுக்குப் போய்விட்டேன். அவர்களுக்குச் சமையலில் ஒத்தாசை வேண்டும் என்பது சாக்கு. அந்த மாவுக்கு முன்னால் என்னால் நிற்க முடியவில்லை.

மறுநாள் காலை வந்தபோது அண்ணன் மாடி வராந்தாவில் த்வாண்டே ஊர் மண்பானை ஒன்றில் நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் மிச்சமிருக்கும் புளித்த பண்டத்தையெல்லாம் அன்று காலை எரிப்பது முறை. இந்த வருஷம் புகை அதிகமாக இருக்கிறதே என்று நினைத்தேன், அவ்வளவுதான். பிறகு புதுத் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினோம். முந்தின நாளே பிடித்து மூடிவைத்த தண்ணீரை அளந்து ஊற்றி அவர் பிசைந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்து நிமிஷம் சொன்னேன். பதினோரு நிமிஷத்தில் முடித்துவிட்டார். மூன்றே மூன்று அப்பங்கள், ஒவ்வொன்றும் காப்பித் தட்டு அளவு. ரெண்டு வீசை மாவுக்கு இவ்வளவுதானா என்று கேட்டேன். உடம்பு முடியவில்லை, முறைப்படி மூன்றுதானே வேண்டும், போதும் என்றார்.

அன்று சாயங்காலம் பந்தியில் அண்ணனால் எழுந்து நிற்க முடியவில்லை. மூட்டையை என் தோளில் கட்டிவிட்டார். நான் வெளியே போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே இருந்து இந்தத் தடவை அண்ணனே கேள்வி கேட்டார். எகிப்திலிருந்து என்றேன். எருசலேமுக்கு என்றேன். கையில் என்ன கொண்டு போகிறாய் என்றதும் எனக்கு நாக்கு எழவில்லை. புளிப்பில்லாத அப்பம் என்று எந்த வாயால் சொல்வது? டோ டின் எனக்கு மறந்துவிட்டது என்று நினைத்துச் சிரித்தார். அண்ணன்தான் சொன்னார்.

"புளிப்பில்லாத அப்பம்தான்மா. எனக்குத் தெரியும். தைரியமா சொல்லு."

சொன்னேன். அவர் அந்த அப்பத்தில் ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்துக் கஷ்டப்பட்டு விழுங்கினார். முப்பத்தெட்டாம் நாள் போய்விட்டார்.

இடுகாட்டில் சொல்ல வேண்டிய ஜெபம் ஒன்று உண்டு. பத்து யூத ஆண்கள் கூடினால்தான் சொல்லலாம். வெளியூரிலிருந்து வந்த இருவரையும் ஊ எஸ்ராவோடு சேர்த்து மூன்று பேர்தான் தேறினார்கள். ஊ எஸ்ரா, என்னைக் கோபித்துக்கொண்டிருந்த உங்கள் எல்லோரையும் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்லி, அதற்குப் பதிலாக வேதத்திலுள்ள சங்கீதப் பாடல் ஒன்றை மனப்பாடமாகச் சொன்னார். நீங்களும் முணுமுணுப்பை விட்டுவிட்டுக் கைகூப்பி நின்றீர்கள். அங்கே புதைக்க வேண்டும் என்பது அண்ணனே அண்ணியிடம் சொன்னது. என் தீர்மானம் அல்ல.

என் பாரம் வேறு. வாழ்நாள் முழுவதும் ஒரு வருஷம்கூடத் தவறாத மனிதருக்குக் கடைசிப் பஸ்காவில் ஆகாத மாவைக் கொடுத்துவிட்டேன். அதைத் தெரியாமலே சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார் என்று வருஷம் முழுவதும் மருகினேன். தூங்கப் போனால் அந்த ஈர மூலை கண்ணில் நிற்கும். ஊ எஸ்ராவிடம் சொல்லப் போய் இரண்டு தடவை திரும்பி வந்தேன்.

இந்த வருஷப் பஸ்காவுக்கு அண்ணியும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து அரிசி பொறுக்கினோம். மூன்றாம் தடவை பொறுக்கும்போது என்னையறியாமல் வாய்விட்டு அழுது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அண்ணி தட்டைக் கீழே வைக்கவில்லை. பொறுக்கிக்கொண்டேதான் சொன்னார்.

"நீ டோ டின் வீட்டுக்குப் போனதும் பைய அவுத்துட்டாரு. கட்டி தட்டுன மாவையெல்லாம் அள்ளிப் பானையில போட்டாரு. மிச்சத்தச் சலிச்சாரு. அப்புறமும் மனசு ஒப்பாம, நடுவுல காஞ்சு கெடந்ததுல ரெண்டு கை மட்டும் எடுத்து வச்சாரு. மத்ததெல்லாம்தான் மறுநாள் எரிஞ்சுச்சு. உங்கிட்டச் சொல்லட்டுமான்னு கேட்டேன். வேணாம், முழுசா நனைஞ்சு வந்து நிக்கிறா, பண்டிகைக்கு அவள அழ வைக்காதன்னுட்டாரு."

எனக்குத் தெரியும், தைரியமாகச் சொல் என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டேன்.

இந்த வருஷம் பந்தியில் நான்கு பேர். மூட்டை என் தோளில், கேள்வி அண்ணி வாயில். மாரியம்மனைக் கும்பிடும் அண்ணி, ஒரு வார்த்தை பிசகாமல் கேட்டார். பஸ்கா அண்ணன் வீட்டில் நிற்கவில்லை. அடுத்த வருஷம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

அண்ணனின் கடைசி நாட்களில் மருந்து தேடி அலைந்த பட்டறைப் பையன்களுக்கும், மூன்று மாடி தூக்கி இறக்கிய கீழ் வீட்டு பர்மியக் குடும்பத்தாருக்கும், கோதுமை அரைத்துத் தந்தவருக்கும், ஊ எஸ்ராவுக்கும், டோ டின்னுக்கும், மனத்தாங்கலோடாவது வந்து நின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணிக்கு நன்றி சொன்னால் அடிக்க வருவார், அதனால் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து அண்ணன் என்னைக் கேட்ட கேள்விக்கு, சரியான பதிலை அவர் உயிரோடிருக்கும்போது நான் சொல்லவில்லை. அச்சில் ஏறட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நனைஞ்சிருச்சு, அண்ணே.