தொலைந்த வருஷத்தில் ஒரு மனைவி

கண் விழித்தபோது ஆசுபத்திரிச் சுவரின் சுண்ணாம்பு வெள்ளைதான் முதலில் தெரிந்தது. பக்கத்தில் அண்ணை இருந்தார். இன்றைக்குப் புகையிலைக்கு இறைத்தாயிற்றா என்று கேட்டேன். அந்தப் புகையிலையை வெட்டி விற்று ஒரு வருஷமாகியிருந்தது.

புத்தூருக்கு அருகே என் சைக்கிளை லொறி ஒன்று இடித்திருக்கிறது. மூளை அதிர்ச்சி (மண்டையோடு உடையாமலே உள்ளே மூளை குலுங்கிப்போவது) என்றார்கள். விபத்துக்கு முந்திய ஒரு வருஷமும் பிந்திய சில கிழமைகளும் என்னிடம் இல்லை. மற்றதெல்லாம் இருந்தது. நான் பள்ளிக்கூட வாத்தியார், வாய்ப்பாடுகூட மறக்கவில்லை.

வீட்டில் எல்லோரும் அளவுக்கு மிஞ்சிய அன்பு காட்டினார்கள். நான் நுழைந்தால் பேச்சு நின்றது. உடம்பு தேறியதும் தேறாததுமாக அம்மா அளவெட்டியில் பெண் பேசினா. பொன்னுருக்கித் தாலி செய்ய நாளும் வைத்தாயிற்று. மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

அதற்கு முதல் நாள் டாக்டரிடம் தலையைக் காட்டப் போனேன். முன்பெல்லாம் அண்ணை கூடவே வந்து எனக்காகப் பேசுவார். அன்று அவருக்குப் பந்தல் வேலை.

தழும்பை அழுத்திப் பார்த்துக்கொண்டே டாக்டர் கேட்டார்: “உம்மடை மனுசி ஏன் வரேல்லை?”

“எனக்கு இன்னும் கலியாணம் ஆகேல்லை, ஐயா.”

அவர் கை நின்றது. “நீர் நினைவில்லாமல் கிடந்த நாளெல்லாம் பக்கத்தில இருந்தவா ஆர்?”

எப்படி வீடு வந்தேனோ தெரியாது. பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணையிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அவள் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போறவள். உடுவில்ல படிப்பிக்கிறவள். நீ எங்களுக்கு ஒளிச்சு கந்தோரில கலியாண எழுத்து எழுதினனீ. உனக்கு மறந்தது கடவுள் செய்த உதவி எண்டு நினைச்சிட்டம்.”

அவளைக் கண்டால் எனக்கு வலிப்பு வரும், இனி வரக்கூடாதென்பது டாக்டரின் கட்டளை என்று அவளிடம் பொய் சொல்லியிருந்தார்கள். என் உயிருக்காக அவள் விலகி நின்றாள். பெயர் கிறேஸ்.

சைக்கிளை எடுத்தேன். உடுவிலில் இறங்கி வழி கேட்க நினைத்தேன். அதற்குள் என் கைகள் ஓர் ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்பிவிட்டன. அவை நிறுத்திய வீட்டின் படலையைத் திறந்தேன்.

முற்றத்தில் நின்றவளின் முகம் எனக்குப் புதிது.

“என்னைத் தெரியுதோ?”

“இல்லை.”

“தெரியாமல் என்னெண்டு வந்தனீங்கள்?”

“கேள்விப்பட்டு வந்தனான். இருந்து கதைப்பமோ?”

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு சிரித்தாள்.

அளவெட்டிக்கு நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அம்மா நெடுங்காலம் எங்களோடு கதைக்கவில்லை. இப்படி மறந்துபோனவர் உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து எதையும் மறைக்காதீர்கள். உண்மை மூளையைக் கெடுப்பதில்லை என்று டாக்டர் சொன்னார். எங்களைக் கெடுக்கப் பார்த்தது பொய்தான்.

அந்த வருஷம் திரும்பவே இல்லை. மழைக்கு முன் தழும்பு விறைக்கும்; அப்போது கிறேஸ் அதைத் தடவிக்கொண்டே, நாங்கள் முதலில் சந்தித்தது, சண்டை பிடித்தது, ஒளித்து மணம் முடித்தது எல்லாம் சொல்லுவாள். அவளுக்கு அவை பழைய கதை. நானோ ஒவ்வொரு முறையும் “பிறகு?” என்று கேட்கிறேன். மற்றவர்களுக்குக் கடந்த காலம் முதுகுக்குப் பின்னால் கிடக்கிறது. எனக்கு அதில் ஒரு வருஷம் இன்னும் முன்னால் இருக்கிறது.